சௌந்தரவல்லி நடத்திய வரலாறு

மதுராந்தகம் பேருந்து நிலையத்தில் எதிரெதிராக இரண்டு டீக்கடைகள். ஒன்றில் ஆளுங்கட்சியின் நாளிதழ் வரும், மற்றதில் எதிர்க்கட்சியினுடையது. செய்யூர் பஸ் கிளம்புவதற்குள் சௌந்தரவல்லி டீச்சர் இரண்டின் முன்பக்கத்தையும் படித்துவிடுவார். டீ குடிக்கமாட்டார். முந்தானையை இழுத்துச் செருகி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆண்களின் தோளுக்கு மேலாக எட்டிப் படிப்பார். இந்தக் கடைப் பேப்பரில், முந்தின நாள் பொதுக்கூட்டத்துக்குக் கடல்போல ஜனம் திரண்டிருக்கும். அந்தக் கடைப் பேப்பரில் அதே கூட்டத்தின் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். டீச்சர் உதட்டோரம் சிரித்துக்கொள்வார்.

டீ ஆற்றுகிறவர் ஒருநாள் கேட்டேவிட்டார். "அங்கியும் படிக்கிற, இங்கியும் படிக்கிற. நீ இன்னா கட்சிம்மா?"

"ரெண்டு பேரும் ஒரே மைதானத்துலதானே நின்னிருக்காங்க. ஆளுக்கொரு கூட்டம் எப்படித் தெரிஞ்சுதுன்னு பாக்கறேன்."

"பேஜாரு புடிச்ச வேலை," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கிளாஸைக் கழுவப் போனார்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டீச்சருக்கு நாற்பது வயது. கோயில் தெருவில் வீடு. கணவர் பத்ரிக்குக் கருங்குழியில் கிளார்க் உத்தியோகம். அம்மு என்று ஒரே பெண். செய்யூர்ச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, சவுக்குத் தோப்பை ஒட்டி உள்ளே நடந்தால் வரும் கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் டீச்சர் வரலாறு நடத்தினார். நெடுநெடுவென்று உயரம், வேகமான நடை. பேச ஆரம்பித்தால் மட்டும் வேகம் குறைந்துவிடும். ஒவ்வொரு வாக்கியத்தையும் வெளியே விடுவதற்கு முன் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்ப்பவர்போலப் பேசுவார்.

வகுப்பில் அவர் அனுமதிக்காத ஒரு சொல் உண்டு. 'நாம்'. "நாம வெள்ளைக்காரன எதிர்த்துப் போராடினோம்" என்று எவனாவது ஆரம்பித்தால், "நாமன்னா யாரு? பேர் சொல்லு," என்பார். பையன் விழிப்பான். "உங்க தெருவா, பக்கத்துத் தெருவா? ஜமீந்தாரா, அவர் நிலத்துல ஏர் ஓட்டினவரா? போராடினது யாரு, பாத்துக்கிட்டு இருந்தது யாரு, எதிர்த்தது யாரு? எல்லாரையும் ஒரே மூட்டையில கட்டாதே."

பூனா ஒப்பந்தம் வந்தால் வகுப்பை இரண்டாகப் பிரிப்பார். ஒரு பாதி காந்திக்காகப் பேச வேண்டும், மறுபாதி அம்பேத்கருக்காக. குரல்கள் உச்சத்துக்குப் போய், பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிக்கொண்டிருக்கும்போது மணி அடித்துவிடும். மறுநாள் வந்ததும் டீச்சர், "இப்போ பக்கம் மாறி உக்காருங்க," என்பார்.

"நேத்து பேசினதுக்கு எதிராவா பேசணும் டீச்சர்?"

"ஆமா. நேத்து அவங்க சொன்னதுல எது உன்னைக் குத்துச்சோ, அதையே இன்னிக்கு நீ சொல்லணும்."

நீதிக்கட்சிப் பாடத்தையும் அப்படித்தான் நடத்தினார். வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா என்று ஒரே வரியில் தள்ளவிடமாட்டார். பள்ளிக்கூடத்துக்கு உள்ளே விடாமல் நிறுத்தப்பட்டவன் எந்தக் கண்ணோடு வெள்ளைக்காரனைப் பார்த்திருப்பான் என்று கேட்பார். அடுத்த மூச்சிலேயே, வேலையை உதறிவிட்டுச் சிறைக்குப் போய் எலும்பும் தோலுமாகத் திரும்பிவந்த காங்கிரஸ்காரனைப் பற்றிச் சொல்லுவார். நாற்பத்தேழில் ஆகஸ்ட் பதினைந்தைத் துக்க நாள் என்று சொன்ன பெரியாரைப் பற்றியும், அதே இயக்கத்தில் இருந்துகொண்டே அதை மறுத்த அண்ணாவைப் பற்றியும் சொல்லுவார். "இதுல எது சரி டீச்சர்?" என்று கேட்டால், "நீ எல்லாத்தையும் கேட்டுட்டியா? கேட்டு முடி, அப்பறம் நீயே சொல்லு," என்பதுதான் பதில்.

அவர் மனத்தில் யார் பக்கம் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. கிராமத்தில் அவரை 'ஐயரம்மா' என்றார்கள், ஆகவே காங்கிரஸ் என்று முடிவுகட்டினார்கள். கோயில் தெருவில், "பத்ரி ஆத்துக்காரி கறுப்புச் சட்டை போடாத குறைதான்," என்று பேசிக்கொண்டார்கள். இரண்டும் அவர் காதுக்கு வரும். அப்போதெல்லாம் அவருக்கு அது ஒரு நற்சான்றிதழ்போலத்தான் இருந்தது.

தொண்ணூற்றேழில் சுதந்திரப் பொன்விழா வந்தது. பள்ளியில் பெரிதாக விழா எடுக்க முடிவாயிற்று. தலைமையாசிரியர் ராஜாராம் நல்ல மனிதர், பயந்த மனிதர். பாட்டு, மாறுவேடம், இரண்டு பேச்சு என்பதோடு நிறுத்திக்கொள்ள நினைத்தார். டீச்சர்தான் ஒரு யோசனை சொன்னார். நாற்பத்தேழு ஆகஸ்ட் பதினைந்து அன்று நம் ஊரில் என்ன நடந்தது? பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரட்டும், நல்லதாக இரண்டை மேடையில் வாசிக்கலாம். கேட்டவர்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அந்த ஊருக்கு ஒரு தியாகியும் உண்டு. கேசவன் என்று பெயர். நாற்பத்திரண்டில் தந்திக் கம்பியை அறுத்துப் பெல்லாரிச் சிறைக்குப் போனவர். போலீஸ் அடியில் கால் முறிந்து, சாகும்வரை விந்தி விந்தி நடந்தவர். அவர் மகன் சடையப்பன்தான் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், ஊரிலேயே நிலபுலம் மிகுந்தவர். பள்ளிக்கு மதில் கட்டித் தந்தவரும் அவர்தான்.

வந்த கட்டுரைகளில் டீச்சர் இரண்டைத் தேர்ந்தெடுத்தார். ஒன்று சடையப்பனின் மகன் எழுதியது. ஊர்வலம், கொடி, வாணவேடிக்கை, தாத்தாவைத் தோளில் தூக்கிப் போனது என்று எல்லாம் இருந்தன. இன்னொன்று காலனியிலிருந்து வந்த வேண்டா எழுதியது. மூன்று பெண்களுக்குப் பிறகு நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். ஒல்லியாக, எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல் போட்டு, கேள்வி கேட்கும்போது மட்டும் முன்பெஞ்சுக்கு எழுந்து வருவாள். அவள் கட்டுரையை டீச்சர் திரும்பத் திரும்பப் படித்தார். பயமாக இருந்தது. ஆனால் கட்டுரை முடிந்த விதம் அவருக்குத் தைரியம் கொடுத்தது. அத்தனை வருஷம் தான் கத்திக்கொண்டிருந்ததை இந்தப் பெண் ஒரே பக்கத்தில் செய்துவிட்டாள் என்று நினைத்தார். ராஜாராமிடம் காட்டினார். அவர் பந்தல்காரனோடு பேசிக்கொண்டே, "நீங்க பாத்துட்டீங்கல்ல, போதும்," என்றார்.

விழா அன்று பந்தல் நிறைந்திருந்தது. சடையப்பன் மகன் வாசித்து முடித்ததும் கைதட்டல். அடுத்து வேண்டா வந்தாள். மைக் அவள் உயரத்துக்கு இல்லை, யாரோ இறக்கிவிட்டார்கள். நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

"அன்று காலை என் தாத்தா கொடியைப் பார்க்கப் போனார். காலனிக்காரர்கள் ஏரிக்கரையோடு நிற்க வேண்டும் என்றார்கள். எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். எங்களுக்குக் கையில் கொடுக்காமல் துண்டில் போட்டார்கள். தாத்தா, 'சொதந்திரம் எங்களுக்கும் சேத்துதானுங்களா?' என்று கேட்டார். கேட்டதற்காகத் தியாகி ஐயாவின் ஆட்கள் அவரைப் புளியமரத்தில் கட்டிவைத்தார்கள். சாயங்காலம் வரை…"

ஒலிபெருக்கி நின்றுவிட்டது. மின்சாரம் போகவில்லை, பந்தலில் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சடையப்பனின் கை, சவுண்டு சர்வீஸ்காரனைப் பார்த்து ஒருமுறை அசைந்ததை டீச்சர் பார்த்தார். வேண்டாவுக்கு அது தெரியவில்லை. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினாள். பந்தலுக்கு வெளியே நின்றிருந்த காலனி ஆட்களுக்கும் கேட்கவில்லை, உள்ளே இருந்தவர்களுக்கும் கேட்கவில்லை.

கேட்காமல் போனது இதுதான்: "சாயங்காலம் வரை கட்டிவைத்திருந்தார்கள். ஊர்வலம் முடிந்து வந்த தியாகி ஐயா அதைப் பார்த்துவிட்டு ஆட்களைத் திட்டினார். தன் கையாலேயே கட்டை அவிழ்த்தார். ஆனால் தாத்தா கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. போலீஸ் அடியில் அவர் கால் உடைந்தது உண்மை. அவர் இறந்தபோது மேளம் அடித்தது என் தாத்தா. 'கூப்பிட்டாங்கன்னு அடிக்கல, மனசாரத்தான் அடிச்சேன்' என்று தாத்தா சொன்னார்."

மறுநாள் டீச்சர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சடையப்பன் வீட்டுக்குப் போனார். சடையப்பன் நாற்காலி போடச் சொன்னார், மோர் கொண்டுவரச் சொன்னார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க மேல எனக்கு மரியாதை உண்டு டீச்சர். எங்கப்பாரு அவுத்து வுட்டாருன்னு எழுதியிருக்குது. நல்லாத்தான் கீது. ஆனா அவுத்து வுட்டாருன்னு நான் ஒத்துக்கினா, கட்டி வச்சது நெஜம்னு ஆயிடுதே."

"அது நெஜமா இல்லையா?"

"நெஜமா இல்லையான்றது வேற. ஊரு முன்னால படிக்கறது வேற." மோர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். "குடிங்க."

அந்த வாரமே தீனதயாளன் பள்ளிக்கு வந்தார். சடையப்பனுக்கு எதிர்க்கட்சி, கிளைச் செயலாளர். பஞ்சாயத்துத் தேர்தலில் அவரிடம் தோற்றவர். பிள்ளைகளின் முன்னாலேயே டீச்சரைக் கும்பிட்டார்.

"யாரும் பேசாத விசயத்த பேச வச்சிட்டம்மா நீ. அந்தப் பொண்ணு எழுதின பேப்பர குடு. நோட்டீஸ் அடிச்சு தாலுக்கா பூரா ஒட்டிடலாம்."

டீச்சர் கொடுத்தார். "முழுசாப் போடுறதா இருந்தா போடுங்க. ஒரு வரி குறையக்கூடாது."

தீனதயாளன் அங்கேயே நின்று படித்தார். கடைசிப் பகுதிக்கு வந்ததும் தலையைச் சொறிந்தார். "இன்னாம்மா இது? அவரே அவுத்து வுட்டாரு, மனசார மேளம் அடிச்சாருன்னுகினு. இதையும் போட்டா எங்களுக்கு இன்னா பிரயோஜனம்?"

"அதுவும் நடந்ததுதானே."

"நடந்தா இன்னா? அதெல்லாம் அவன் போட்டுக்கட்டும்."

டீச்சர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் விழாவில் கேட்டதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. அடுத்த வாரம் டீக்கடைச் சுவர், பஸ் நிறுத்தம், சர்க்கரை ஆலை லாரிகளின் பின்பக்கம் என்று எங்கும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'தியாகியா? சாதிவெறியனா?' என்று கொட்டை எழுத்து. கீழே வேண்டாவின் பெயர், வகுப்பு, அவள் வாசித்த வரிகள். டீச்சர் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று படித்தார். 'சாயங்காலம் வரை' என்பதோடு நோட்டீஸ் முடிந்திருந்தது. ஒலிபெருக்கியை நிறுத்தியவரும் நோட்டீஸ் அடித்தவரும் ஜென்மப் பகையாளிகள், ஆனால் ஒரே சொல்லில் வந்து நின்றிருந்தார்கள்.

அது சம்பா நடவு நேரம். காலனிப் பெண்கள் ஒருவரையும் நடவுக்குக் கூப்பிடவில்லை. அச்சிறுபாக்கம் பக்கத்திலிருந்து டிராக்டரில் ஆள் வந்தார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. மளிகைக் கடையில் சாமான் கேட்டால், இல்லை என்றார்கள். நோட்டீஸ் அடித்தவர்கள் பக்கத்து ஊர் இடைத்தேர்தலில் மும்முரமாக இருந்தார்கள்.

வேண்டாவின் அப்பா ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கு வந்தார். வகுப்பறைக்குள் வராமல் வாசலுக்கு வெளியே, வெயிலில் நின்றார். டீச்சர் எத்தனை கூப்பிட்டும் நிழலுக்கு வரவில்லை.

"உங்க மேல கோவம் ஒண்ணும் இல்லமா. நீ நல்லதுக்குத்தான் சொல்லிக்குடுத்த. ஆனா அக்கம்பக்கத்து வூட்டுக்காரன்லாம் என்னைத்தான் ஏசுறான். உம் பொண்ணு வாயால எங்க அடுப்பு அணைஞ்சுபோச்சுன்றான். அப்பன் கெழவன் சாப்புடாம குந்திகினு கீது. அதான், பொண்ண நிறுத்திட்டேன்."

"பத்தாவது பரீட்சை வருதுங்க. அதை மட்டுமாவது எழுதட்டும்."

"எழுதினது போதும்மா," என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

டீச்சர் விடவில்லை. காலனிக்குப் போனார். வேண்டா சவுக்குத் தோப்பில் பட்டை உரித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அங்கேயும் போனார். அவள் கை முழுக்கச் சிராய்ப்பு. டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், வகுப்பில் நிற்பதுபோல.

"நான் எழுதினதுல எது தப்பு டீச்சர்?"

"ஒண்ணும் தப்பில்லம்மா."

"அவங்க பக்கமும் எழுதினேன். நீங்க சொன்னாமாதிரியே எழுதினேன்."

"ஆமா. எழுதினே."

"அப்பறம் ஏன் டீச்சர்?"

கடல் பக்கமிருந்து காற்று வந்து தோப்பு இரைந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேண்டா உட்கார்ந்து அடுத்த கட்டையை எடுத்துக்கொண்டாள். தை பிறந்ததும் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை கோவளம் பக்கம், கல் குவாரியில் வேலை என்று கேள்வி.

கல்வித்துறை விசாரணையும் ஒன்று நடந்தது. வந்த அதிகாரி கடுமையானவர் இல்லை. "நீங்க எந்தக் கட்சி அனுதாபிம்மா? சொல்லிட்டா எனக்கு எழுதறதுக்குச் சௌகரியம்," என்று கேட்டார். எந்தக் கட்சியும் இல்லை என்றார் டீச்சர். அவர் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். சடையப்பன் தரப்பில் டீச்சர் தீனதயாளன் கட்சி என்று மனு போயிருந்தது. தீனதயாளன் தரப்பில், மேளம் அடித்த வரியைச் சேர்க்கச் சொல்லிப் பண்ணைக்காரனுக்குப் பரிந்துபேசிய ஐயரம்மா என்று மனு போயிருந்தது. அதிகாரி இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்தினார். பாடத்திட்டத்தைத் தாண்டி நடத்தமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் முடித்துவிடலாம் என்றார். ராஜாராம் பக்கத்தில் நின்று கெஞ்சுவதுபோலப் பார்த்தார்.

வீட்டில் பத்ரி சத்தம் போடவில்லை. சாதத்தில் மோரை ஊற்றிக்கொண்டே, "எழுதிக் குடுத்துடு சௌந்தரம். அவா ரெண்டு பேரும் சேர்ந்துண்டா நாம யாரு?" என்றார். 'நாம'ன்னா யாரு என்று கேட்கக்கூட அன்று டீச்சருக்குத் தோன்றவில்லை. எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வகுப்பில் கைடு வந்தது. டீச்சர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஐந்து குறிப்பு, பத்துக்குப் பத்து. வேலைநீக்கம் செய்யப்படவில்லை, மாற்றல்கூட இல்லை. ஊர்க்காரர்கள் முன்பைவிட நன்றாகப் பேசினார்கள். சடையப்பன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, போய் வந்தார். வரலாற்றில் எல்லோரும் தேர்ச்சி என்று இரண்டாயிரத்துக்குப் பிறகு வருஷா வருஷம் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. ராஜாராம் ஓய்வுபெற்றுப் போகும்போது, "இப்பத்தான் மேடம் நம்ம ஸ்கூல் நிம்மதியா இருக்கு," என்றார். டீச்சர் தலையசைத்தார். பேச்சில் அந்தப் பழைய நிதானம் அப்படியே இருந்தது. ஆனால் இப்போது தனக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்களில் பலதை வெளியே விடுவதில்லை.

அம்மு கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒருநாள் கேட்டாள். "நீ நடத்தினது தப்புன்னு நினைக்கறியாம்மா?"

"நடத்தினது தப்பில்லை. அதுக்கு யார் விலை குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாம நடத்தினேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே அம்மு. அவளுக்குத்தானே ஆச்சு." இதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. இரவில் விசும்பல் சத்தம் கேட்டதாக அம்மு சொல்கிறாள். பத்ரி, அது சளி என்கிறார்.

இரண்டாயிரத்து ஆறில், வேலூர்ப் புரட்சியின் இருநூறாவது ஆண்டு என்று பேப்பர்களில் எழுதிக்கொண்டிருந்த மாதம். பத்தாம் வகுப்பில் டீச்சர் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தார். 'ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழில் நடந்தது முதல் இந்திய சுதந்திரப் போர் எனப்படுகிறது.' பேனாக்கள் ஓடின. கடைசிப் பெஞ்சில் துர்காதேவி என்ற பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்தாள். அவளுக்கு இந்தப் பள்ளியில் அது முதல் வருஷம், பழைய கதை எதுவும் தெரியாது.

"டீச்சர், எங்கப்பா வேலூர்தான் முதல்ல நடந்துச்சுன்னு சொல்றாரு. அம்பது வருசம் முன்னாடியாம். புக்ல இப்படிப் போட்டுகீது. இத யாரு முடிவு பண்ணாங்க?"

சௌந்தரவல்லி டீச்சரின் முகத்தில் ஏதோ ஒன்று சட்டென்று மேலே வந்தது. வாயைத் திறந்தார். கைடைப் பிடித்திருந்த விரல் பக்கத்திலிருந்து விலகியது. பிறகு அவர் வாசல்வரை நடந்து, வராந்தாவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. வேலியோரம் ஒரு ஆடு மட்டும் மேய்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தார். நின்றுகொண்டிருந்த பெண்ணைப் பார்த்தபடியே வலது கையைத் தூக்கி, உள்ளங்கை தரையைப் பார்க்க, காற்றை அமுக்குவதுபோல மெல்லக் கீழே இறக்கினார்.

துர்காதேவி உட்கார்ந்தாள்.